அந்த ஆயிரம் ரூபா வேண்டாம்

போன கிழமை பெற்றார் கூட்டத்தில் "புது சேர்வர் வாங்க வேணும், பிள்ளைக்கு ஆயிரம் ரூபா தாங்க" என்று கேட்டது நான்தான். ஒரு உம்மா தையல் காசை அன்றைக்கே எண்ணித் தந்தா. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தவணை அறிக்கை கொடுக்கும் நாட்களில் ஒரு பிள்ளையின் பெறுபேறு திறக்க முக்கால் நிமிடம் எடுத்தது. காரியாலய வாசலில், வெயிலில் வரிசை. பத்து வருடப் புள்ளி, வரவு, படங்கள் எல்லாம் சேர்ந்து 3 ஜிபிக்கு மேல். "மெஷின் பழசு" என்று பார்க்காமலே சொல்லிவிட்டேன்.

பிறகுதான் திறந்து பார்த்தேன். மெஷினில் 4 ஜிபி ரேம் இருக்கிறது. ஆனால் மைஎஸ்கியூஎல் தரவை எடுத்து வைத்துக்கொள்ளும் இடமான 'பஃபர் பூல்' வெறும் 128 எம்பி. நிறுவும்போது தானாக வரும் அளவு அது. நாங்கள் யாரும் அதைத் தொட்டதே இல்லை.

ஆசிரியரின் மேசை சின்னது, பதிவேடுகள் எல்லாம் ஸ்டோர் ரூமில் என்று வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எழும்பிப் போய் எடுத்து வர வேண்டும். அந்த ஸ்டோர்தான் ஹாட் டிஸ்க்.

ஆசையில் மூன்றரை ஜிபி கொடுத்தேன். அரை மணி நேரம் பறந்தது, பிறகு மெஷினே உறைந்துவிட்டது. மற்ற வேலைகளுக்கு இடமில்லாமல், ரேமில் இருந்ததை டிஸ்க்குக்கு மாற்றி மாற்றி எழுதத் தொடங்கிவிட்டது. வகுப்பு முழுக்க மேசை போட்டால் பிள்ளைகள் எங்கே இருப்பது? தரவுத்தளத்துக்கு மட்டுமான மெஷினில் 80 வீதம் வரை கொடுக்கலாம். எங்கட மெஷினோ வெப் சேர்வரையும் சேர்த்துச் சுமக்கிறது.

கடைசியில் 2 ஜிபி வைத்தேன். திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது இந்தத் தவணைப் பதிவுகள்தான், அவை அதற்குள் அடங்கிவிட்டன. இப்போது மூன்று செக்கன். மாற்றியது ஒரே ஒரு வரி.

கடையிலோ கிளினிக்கிலோ இப்படி ஒன்று வைத்திருப்பவர்கள், புதிது வாங்க முன் இந்த அளவை ஒருக்கா பாருங்கள். பெக்கப் எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

காசு தந்தவர்கள் திங்கட்கிழமை காரியாலயத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் பேசியது என் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்.