சிவப்புத் தொப்பியும் கறுப்பு ஏப்ரனும்

மாலை ஆறு மணி ஆனால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் தடுப்புகள் வந்துவிடும். மறுநாள் காலை ஏழரை வரை அந்தச் சாலை நடப்பவர்களுக்குத்தான். தடுப்பருகே நிற்கும் காவலரின் தலையில் உயரமான சிவப்புத் தொப்பி. பிரெஞ்சுக்காரர்கள் 'கெப்பி' என்று சொன்ன அதே தொப்பிதான். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி சட்டப்படியும் இணைப்பு முடிந்தது. தொப்பி மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. வெளியூர்க்காரர்கள் அதனுடன் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஊரில் உடைக்கு அவ்வளவு மதிப்பு. அதை நன்றாக உணர்ந்தவர்கள் ஓட்டல்காரர்கள். கடற்கரையிலிருந்து உள்ளே நுழைந்தால் துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி, ரோமன் ரோலண்ட் வீதி. மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் உள்ள பழைய வீடுகளில் பல இன்று ரெஸ்டாரன்ட், பார். அங்கே புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்குப் பல இடங்களில் கிடைப்பது கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், இடுப்பில் கட்டும் நீளக் கறுப்பு ஏப்ரன். பாரிஸ் கஃபே சர்வரின் தோற்றத்தைப் பார்த்து எடுத்தது.

பாரிஸில் அந்த உடைக்கு ஒரு விழாவே உண்டு. 2011க்குப் பிறகு நின்றுபோயிருந்த சர்வர் பந்தயம் 2024 மார்ச்சில் மறுபடி நடந்தது. தட்டில் ஒரு குவாசான், ஒரு கப் காபி, ஒரு கிளாஸ் தண்ணீர். சிந்தாமல் 2 கிலோமீட்டர் போக வேண்டும், ஓடக் கூடாது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, ஏப்ரனுடன் எல்லோரும் வேக வேகமாக நடந்தார்கள். பாரிஸின் மார்ச் மாதத்தில் அது சுகம்தான். புதுச்சேரியின் மே மாதத்தில் முற்றத்து மேசைகளுக்கு நடுவே அதே உடையில் நடப்பது வேறு விஷயம்.

கறுப்பில் கறை தெரியாது என்பார்கள். எண்ணெயும் ரெட் ஒயினும் தெரியாதுதான். ஆனால் வேர்வை தெரியும். கடற்காற்றின் ஈரத்தில் சட்டை காயாது. காய்ந்தபின் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். இரண்டு மாதம் வெயிலில் உலர்த்தினால் கறுப்பு சாம்பலாகும். பிறகு அது புதுச் சட்டைக்காரனுக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஏழைச் சட்டையாகத் தெரியும்.

நேரு வீதியில் இதற்கு நேர் எதிரான பாடம் இருக்கிறது. இந்தியன் காபி ஹவுஸ். யான் மார்டெல் 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில் கதை தனக்குக் கிடைத்த இடமாகக் காட்டுவது இதைத்தான். காபி போர்டு தன் கடைகளை மூடியபோது வேலை இழந்தவர்கள், ஏ.கே.கோபாலனின் ஊக்கத்தால், 1957 முதல் ஊர் ஊராகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்தத் தொடங்கிய ஓட்டல்கள் இவை. கேரளக் கிளைகளில் சர்வர்களின் வெள்ளை உடையும், விசிறி மடிப்புத் தலைப்பாகையும், இடுப்புப் பட்டையும் பிரசித்தம். தலைப்பாகையும் பட்டையும் வெள்ளைக்காரர் காலத்து ஏவலாளின் அடையாளங்கள். கடைக்கு உரிமையாளர்களான பின்னும் அதைக் கழற்றவில்லை என்பது யோசிக்க வைக்கிறது. தானே முதலாளியாக இருந்து கட்டிக்கொள்ளும் தலைப்பாகையின் கனம் வேறாக இருக்கலாம்.

வெள்ளை பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் துவைப்பவர்களைக் கேட்டால் தெரியும். சாம்பார் பட்ட இடம் சோப்பு போட்டதும் சிவக்கும்; மஞ்சளின் குணம் அது. அலசி நல்ல வெயிலில் போட்டால் மங்கிவிடும். பருத்தி வெள்ளையை வெந்நீரில் ஊறவைக்கலாம், பிளீச் போடலாம். கறுப்பை அப்படிச் செய்ய முடியுமா?

துணி விஷயத்தில் இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவுரி நீலம் தோய்த்த 'கினே' துணி ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறி செனகலுக்குப் போய் அங்கே பணம் போலவே புழங்கியது. கடலூர் சாலையில் 1898இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில், ஊர் வாயில் ரோடியர் மில், 2020இல் மூடப்பட்டது.

கால்வாயைத் தாண்டி மேற்கே போனால் ஏப்ரன் மறையத் தொடங்கும். மெஸ்களில் டி-ஷர்ட்டும் தோளில் துண்டும். சாராயக்கடைப் பக்கம் மடித்துக் கட்டிய லுங்கி. சொல்லப்போனால் இந்த வெப்பத்துக்கு அதுதான் சரியான உடை! 2014இல் சென்னையில் வேட்டி கட்டி வந்த நீதிபதியை ஒரு கிளப் உள்ளே விடாததால் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. அது விருந்தினரின் வேட்டிக்கு. தட்டு ஏந்துபவர் என்ன உடுத்துவது என்பது இன்றும் முதலாளியின் விருப்பம்தான்.

பெண்களுக்கு இதில் இன்னொரு கணக்கு. மது பரிமாறும் இடத்தில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று டெல்லியில் அமலில் இருந்த பழைய சட்டப்பிரிவு செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 2007இல் உறுதி செய்தது. காக்கிறோம் என்று சொல்லி வேலையைப் பறிக்கக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். அப்படி வேலைக்கு வந்த பெண்ணிடம் இறுக்கமான பாவாடையை நீட்டும் முதலாளி, யாருக்காக அதைத் தேர்ந்தெடுத்தார் என்று தன்னையே கேட்டுக்கொள்ளலாம். குனிந்து பரிமாறும்போது மேலேறாத சட்டை, பேனாவும் ஓப்பனரும் ஆர்டர் புத்தகமும் வைக்கப் பை. ரெடிமேட் பெண்கள் பேன்ட்டில் அந்தப் பைதான் கிடைக்காது. தைத்தே ஆக வேண்டும்.

பணத்தைச் சட்டையில் போட்டுவிட்டுச் செருப்புக்குக் கஞ்சத்தனம் செய்வது இன்னொரு வழக்கம். ஈரத்தரையில் கையில் கிளாஸ் தட்டுடன் நடப்பவருக்கு முதலில் வேண்டியது வழுக்காத அடி உள்ள ஷூ. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மலிவாகக் கறுப்பு ஷூ கிடைக்கும். வாங்குவதற்கு முன் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஆளுக்கு இரண்டு செட் போதாது. மழைக்காலத்தில் ஒன்று உடம்பில், ஒன்று தண்ணீரில் இருக்கும்போது மூன்றாவது இல்லாவிட்டால் ஈரச் சட்டையோடுதான் வேலை. அதற்கான காசைச் சம்பளத்தில் பிடிப்பதா, துவைப்பது யார் என்பதைச் சேரும் நாளிலேயே பேசிவிட்டால் நல்லது. பருத்தி அதிகம் கலந்த துணியில் ஒரே ஒரு செட் முதலில் தைத்து, உயரமானவர் ஒருவர், குண்டானவர் ஒருவர் என ஆளுக்கொரு சனிக்கிழமை இரவு முழுக்கப் போட்டுப் பார்க்கட்டும். மறுநாள் காலை அவர்கள் சொல்வதைக் கேட்டபின் மீதி இருபது செட்டுக்குத் தையல்காரரிடம் முன்பணம் கொடுக்கலாம்.