சங்கு ஊதாத வேலை

நான் வளர்ந்தது முதலியார்பேட்டையில். அப்பா மில் தொழிலாளி. எங்கள் தெருவுக்கு மில் சங்குதான் கடிகாரம். காலைச் சங்குக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அம்மா எழுந்துவிடுவார். வாசல் தெளித்து, கோலம் போட்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, உலை வைத்திருப்பார். அப்பாவின் தூக்குச்சட்டி நிறைந்த பிறகுதான் சங்கு ஊதும். ஷிப்ட் முடிந்து மறுபடியும் ஊதும்போது அப்பா கைகால் கழுவிக்கொண்டு மில்லை விட்டு வெளியே வருவார். அம்மாவின் வேலை முடிந்தது என்று சொல்ல எந்தச் சங்கும் ஊதவில்லை.

அப்பா தொழிற்சங்கத்துக்காரர். ஜூலை 30 வந்தால் என்னையும் அண்ணனையும் தியாகிகள் அஞ்சலிக் கூட்டத்துக்கு அழைத்துப்போவார். 1936இல் அதே நாளில், சவானா மில்லில் போராடிய தொழிலாளர்களைப் பிரெஞ்சு ஆட்சி சுட்டது. 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முதலானோர் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. “ஆசியாவுலயே மொதல்ல நம்ம ஊர்லதான்” என்று அப்பா சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும்.

எனக்குப் பத்து வயது இருக்கும். கூட்டம் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தார். “அம்மாவுக்கு எட்டு மணி நேரம் கிடையாதாப்பா?” என்று கேட்டேன். அப்பா சிரித்தார். “வீடு என்ன மில்லா?” அண்ணனும் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. “அடுப்புல பால் இருக்கு, போய்ப் பாரு” என்று என்னிடம் சொன்னார். அண்ணனிடம் சொல்லவில்லை. அவன்தான் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

பள்ளியில் பாரதிதாசனின் ‘குடும்ப விளக்கு’ பாடமாக வந்தது. பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். எங்கள் ஊர்க் கவிஞர் என்பதால் டீச்சர் உற்சாகமாக நடத்தினார். விடியுமுன் எழுந்து, இரவு வரை ஒவ்வொரு வேலையாக முடிக்கும் குடும்பத்தலைவி. அவள் என் அம்மாதான் என்று எனக்குத் தோன்றியது; பெருமையாகவும் இருந்தது. கல்லூரியில் முழு நூலையும் படித்தபோதுதான், சமையல் பெண்ணுக்கே உரிய கடமை என்று நாட்டில் இருக்கும் சட்டம் நீங்க வேண்டும், அதற்குப் பெண்கல்வி வேண்டும் என்று அதே நூலில் அவர் சொல்லியிருப்பதைப் பார்த்தேன். அந்தப் பக்கம் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை.

பெண்கல்வி எனக்குக் கிடைத்தது. முதுகலை முடித்தேன், அரசு வேலைக்குப் போனேன், சம்பளம் வாங்கினேன். என் வீட்டில் அந்தச் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அதை எழுதி வைத்திருப்பது என் கைதான் என்று தெரிய நாற்பத்தைந்து வயதானது.

சென்ற ஆண்டு எனக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது என்றார்கள். வீட்டில் கணவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், ஆறாம் வகுப்பு மகள், அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்ட அப்பா. நான்கு பேர் இருக்கிறார்கள், சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். கணவர் முதல் மூன்று நாள் ஓட்டலில் வாங்கி வந்தார். நான்காம் நாள் காலை அடுக்களையில் விளக்கு எரிந்தது. மகள் குக்கரில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க வந்த உறவினர் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “பொம்பளப் புள்ள இருந்தா எவ்ளோ ஒத்தாச பாரு.” எனக்கும் மனம் குளிர்ந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பத்தாம் நாள் அவள் என் கட்டிலில் தலைவைத்தபடியே வீட்டுப்பாடம் எழுதாமல் தூங்கிப்போனாள். மணிக்கட்டில் குக்கர் ஆவி பட்ட சிவப்புத் தழும்பு. எப்போது பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சொல்லவும் இல்லை. சொல்லக்கூடாது என்பதை யாரிடம் கற்றாள்?

மறுநாள் முழுக்க என் வாயை நானே கவனித்தேன். தண்ணீர் வேண்டும் என்றால் மகளின் பெயர். மாத்திரை எங்கே என்றால் மகளின் பெயர். காலிங்பெல் அடித்தால், பால் பொங்கினால், துணி காய்ந்தால், மகளின் பெயர். அடுத்த அறையில் மகன் இருந்தான். அவன் ஒருமுறைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை. நான் அவனைக் கூப்பிட்டதே இல்லை. மாமியாரோ கணவரோ போட்ட ஏற்பாடு இல்லை இது. அம்மா அன்று “போய்ப் பாரு” என்று என்னிடம் கொடுத்ததை, நான் அப்படியே அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். வீட்டு வேலையைக் குடும்பமே பகிர்ந்துகொள்வதாகப் பேசுகிறோம். பெரும்பாலும் அது தாய்க்கும் மகளுக்கும் நடுவில் மட்டும் நடக்கும் பகிர்வு.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்து வேலைகளைப் பட்டியல் போட்டோம். சமைப்பது, துவைப்பது, பெருக்குவது எழுதி முடிந்ததும் கணவர் “அவ்வளவுதானே” என்றார். மகள் தொடர்ந்தாள்: கேஸ் புக் பண்றது, ரேஷன் போறது, பால் கார்டு, தாத்தாவோட பிரஷர் மாத்திரை தீர்றதுக்குள்ள வாங்குறது, நாளைக்கு என்ன சமைக்கலாம்னு யோசிக்கிறது. நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்தது. “நீ சொன்னா நான் செய்யப்போறேன்” என்றார் கணவர். அந்தச் சொல்வதும் ஒரு வேலைதான் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு அன்று மாலை முழுக்கப் பிடித்தது.

அதனால் வேலையைத் துண்டு போடாமல் முழுதாகக் கொடுத்தோம். இட்லி மாவு மகனுடையது என்றால், உளுந்து தீர்ந்ததா என்று பார்ப்பது, ஊறப்போடுவது, அரைப்பது, உப்புப் போட்டுக் கரைப்பது, கிரைண்டர் கழுவுவது வரை அவனுடையது. இரண்டாம் வாரமே மறந்துவிட்டான். காலையில் மாவு இல்லை. எழுந்துபோய் ரவை கிளறிவிடலாம் என்று என் கால் துடித்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவனே சைக்கிளில் போய் பேக்கரியில் ரொட்டி வாங்கி வந்தான். யாரும் பட்டினி கிடக்கவில்லை. அந்த அரை மணி நேரம் சும்மா இருந்தது எனக்கு அறுவை சிகிச்சையைவிடக் கடினம்.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2024ஆம் ஆண்டுக்கான இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாருக்காக ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். ஆறு வயதிலிருந்தே இதைக் கணக்கெடுக்கிறார்கள். என் மகள் அந்தக் கணக்குக்குள் வந்து ஐந்தாண்டு ஆகிவிட்டது. ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று பெண்கள் அலுவலகத்துக்கும் போகாமல், வீட்டிலும் வேலை செய்யாமல் நின்றார்கள். நாட்டின் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர். தகப்பன்மார் பிள்ளைகளைக் கையோடு வேலைக்கு அழைத்துப்போனார்கள். வேலைநிறுத்தம் என்றால் என்னவென்று அறிந்த எங்கள் ஊரில், அடுக்களையில் ஒரு நாளும் அது நடந்ததில்லை.

பட்டியலில் மகள் தாத்தாவின் பெயரையும் சேர்த்திருந்தாள்: பூண்டு, சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது. அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “எனக்குப் பழக்கமில்ல” என்றார். எங்கள் பழைய தெருவில் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தா ஒருவர் தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்து, தானே இஸ்திரி போடுவாரே என்று நினைவுபடுத்தினேன். “அது மிலிட்டரி” என்றார். இரண்டு நாள் கழித்து முறத்தைத் தானே எடுத்துவந்து உட்கார்ந்தார். பேத்தியிடம், “ஷிப்ட் எத்தன மணிக்கு முடியும்?” என்று கேட்டார். அவள் “முறம் காலியானதும் தாத்தா” என்றாள்.

ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே, “உங்கம்மா ஒரு நாள்கூட லீவு கேட்டதில்ல” என்றார்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களாப்பா?”

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த பூண்டை எடுத்து நகத்தால் கீறினார்.

எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நோட்டை எடுத்துப் பார்த்தால் இன்னும் என் பெயர்தான் அதிகம். அலுவலகத்திலிருந்து களைத்து வரும் நாளில் இன்றும் என் வாயில் முதலில் வருவது மகளின் பெயர். பாதியில் நிறுத்தி, மகனைக் கூப்பிடுகிறேன். இதை வாசிக்கும் மாணவிகள் ஒரே ஒரு நாள், தங்கள் வீட்டில் எதற்கெல்லாம் யார் பெயர் கூப்பிடப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அம்மாக்கள் தங்கள் வாயைக் கவனியுங்கள்.