அரங்கேற்றத்துக்குப் பின் என்ன?

புலம்பெயர்ந்த உறவினர்களிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் எனக்கு வரும் அழைப்பிதழ்களில், திருமண அழைப்பிதழுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழே. கனத்த அட்டை, வண்ணப் படங்கள், சென்னையிலிருந்து வரவழைக்கப்படும் பக்கவாத்தியக் கலைஞர்களின் பெயர்கள், பிரதம விருந்தினரின் பட்டங்கள். லண்டனாயினும் ரொறொன்ரோவாயினும் அமைப்பு ஒன்றுதான். சில விழாக்களில் பிரதம விருந்தினரின் உரை வர்ணத்தை விட நீண்டுவிடுவதும் உண்டு. வர்ணமோ அரைமணி நேரத்துக்கு மேலும் ஆடப்படும் உருப்படி!

செலவைப் பற்றி நான் குறை கூறப்போவதில்லை. அவரவர் உழைப்பு, அவரவர் பிள்ளை. என் கவலை வேறு. அரங்கேற்றம் என்பது அரங்கில் ஏறத் தொடங்குவதுதான். 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது பாலசரஸ்வதிக்கு ஏழு வயது. அவருடைய கலைவாழ்வு முழுவதும் அதற்குப் பின்னரே அமைந்தது. நம் பிள்ளைகளுக்கோ பதினாறு, பதினேழு வயதில் அரங்கேற்றம். அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம். சலங்கை பெட்டிக்குள் போய்விடுகிறது.

இதற்கு நேரமின்மையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது என்பதை 2011இல் வடமேற்கு லண்டனில் பார்த்த ஒரு வகுப்பு எனக்கு உணர்த்திற்று. பாடசாலை மண்டபமொன்றில் சனிக்கிழமைகளில் நடக்கும் வகுப்பு. அடவுகளில் பிள்ளைகள் சோடைபோகவில்லை. அரைமண்டி நன்றாக அமர்ந்திருந்தது. ஆசிரியையின் தட்டுக்கழிக்குக் கால்கள் பிசகவில்லை. பாடலுக்கு அபிநயம் பிடிக்கும் கட்டம் வந்தபோதுதான் சிக்கல். பாட்டில் வந்தது மாலை. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இரு கைகளையும் உயர்த்தி மலையைக் காட்டினாள். அவளுடைய கொப்பியில் பாடல் ஆங்கில எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தில் மலையும் மாலையும் ஒன்றே. அவளைக் குறை சொல்வதற்கில்லை.

ஆசிரியை யாழ்ப்பாணத்தில் நடனம் பயின்றவர். அன்றே ஒரு விதி செய்தார்: பாடலைத் தமிழில் தன் கையால் எழுதி, பொருள் சொல்லத் தெரிந்த பின்பே பதம். அடுத்த மாதமே இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. ஐந்து வருடத்தில் அரங்கேற்றம் என்று உறுதி கூறும் வகுப்பு பக்கத்திலேயே இருந்தது.

“மண்டப வாடகையை நான்தானே கட்டவேணும் அண்ணை. எண்டாலும் சொல் விளங்காத பிள்ளைக்கு முகபாவம் எப்பிடிச் சொல்லிக்குடுக்கிறது?” என்று என்னைக் கேட்டார். கண்ணை இப்படி உருட்டு, புருவத்தை இப்படி உயர்த்து என்று சொல்லிக்கொடுக்கலாம்; பல இடங்களில் அதுதான் நடக்கிறது. பார்ப்பவர் கைதட்டுவர். ஆனால் அந்தப் பிள்ளை அரங்கேற்றத்துக்குப் பின் தானாக ஒரு பாடலை எடுத்து ஆட இயலாது. கற்றது நான்கைந்து உருப்படிகள்; அவை மறந்தால் கலையும் மறைந்தது.

அந்நிய மண்ணில் இது முடியாத காரியமுமன்று. பாலசரஸ்வதியும் அவருடைய சகோதரர்கள் விஸ்வநாதனும் ரங்கநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்கள். அங்கே பயிலத் தொடங்கி, பின்னர் சென்னையில் விஸ்வநாதனிடம் பாட்டுப் பயின்ற ஜோன் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர், பிற்காலத்தில் சென்னைச் சபாக்களில் ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே அழைக்கப்பட்டார். வீட்டில் ஒரு தமிழ்ச் சொல்லும் கேளாது வளர்ந்தவர் அவர். நம் பிள்ளைகளுக்கு அம்மம்மா தொலைபேசியிலாவது இருக்கிறார்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஆடப்போகும் பாடல்களில் ஒன்றையாவது பிள்ளை தமிழில் எழுதி, அம்மம்மாவுக்குப் பொருள் சொல்லட்டும். அதன் பின் மண்டபத்தைப் பதிவுசெய்யுங்கள். பிரதம விருந்தினரை ஆறுதலாகத் தேடிக்கொள்ளலாம். அவருக்கு ஒன்றும் பஞ்சமில்லை.