வளைமட்டத்தில் நின்ற சுவர்

கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளைப் பிரதேசத்திலே, கல்லாற்றுக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில், 2013ஆம் ஆண்டு ஆவணி மாதத்து நாளொன்றிலே ஒரு தாய் தமது தகரக் கொட்டிலின் வாசலில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணல் ஏற்றிய ரிப்பர் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிச் சென்றன. அவருக்குத் தேவைப்பட்டது மூன்று கியூப் மணல் மாத்திரமே. அந்த மணல் அவருடைய வளவிலிருந்து கூப்பிடு தூரத்திலேதான் அள்ளப்பட்டது. ஆயினும் அவர் கேட்ட சாரதிகள் அனைவரும் ஒரே விலையையே கூறினர். அது யாழ்ப்பாண விலை.

கணவர் 2009இல் காணாமற்போனவர். இரு பெண்பிள்ளைகளுடன் முகாமிலிருந்து மீண்ட அத்தாய்க்கு இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்திருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளை உள்ளடக்கிய அத்திட்டத்திலே, 2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்துக்குப் பின்னர் பயனாளிகள் தாமே தமது வீட்டைக் கட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. ஒரு வீட்டுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா. பணம் ஒரே தடவையில் வருவதன்று. அத்திவாரம், சுவர், கூரை என வேலை முன்னேற முன்னேற, அதிகாரி வந்து பார்த்துச் சென்ற பின்னரே அடுத்த கட்டப் பணம் வங்கிக் கணக்கிற் சேரும். ஒப்பந்தக்காரரின் கையிற் பணத்தைக் கொடுப்பதிலும் இம்முறை மேலானது என்பதில் ஐயமில்லை. தன் வீட்டுக்குரிய கல்லைத் தானே தெரிவுசெய்பவர் ஏமாறுவது குறைவு. எனினும் சந்தை என்ற ஒன்று இருப்பதை இத்திட்டத்தின் கணக்கு போதிய அளவு கவனத்திற் கொண்டதாகத் தெரியவில்லை.

ஒரு பிரதேசத்தில் ஆயிரம் வீடுகள் தொடங்கப்படுமாயின் அங்கே 55 கோடி ரூபா இறங்குகின்றது. அந்தப் பணம் யாவும் ஒரே பொருள்களையே தேடிச் செல்கின்றது. அது மட்டுமன்று, ஒரே நேரத்தில் தேடிச் செல்கின்றது. கட்டம் கட்டமாகப் பணம் வழங்கும் முறையின் விளைவு யாதெனில், ஒரு கிராமம் முழுவதும் ஒரே வாரத்தில் அத்திவாரம் வெட்டும். ஒரே மாதத்திற் சுவர் எழுப்பும். ஐப்பசியில் மாரி தொடங்குமுன் கூரை போட்டுவிட வேண்டுமென்று ஆவணி, புரட்டாதியில் அனைவரும் ஒன்றாக ஓடுவர். ஊரில் இருந்த நான்கு மேசன்மாரும் நாற்பது வீடுகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தனர். நாட்கூலி உயர்ந்தது. மணலும் அரிகல்லும் அவ்வாறே உயர்ந்தன. உயராது நின்றது வங்கிக்கு வரவேண்டிய தொகை ஒன்றுதான்.

அரிகல்லின் கதை தனியானது. சீமெந்தும் மணலும் சல்லியும் கலந்து அச்சிலே அரிந்தெடுக்கும் கல்லுக்கு, கேள்வி பெருகியதும், வீதியோரமெங்கும் புதிய பட்டறைகள் முளைத்தன. விலையைக் கூட்டமுடியாதவர்கள் சீமெந்தைக் குறைத்தனர். நீரூற்றிப் பதப்படுத்த வேண்டிய நாட்களையும் குறைத்தனர். அத்தாயின் வளவில் முதலாவது உழவு இயந்திரப் பெட்டி கல் இறக்கப்பட்ட அன்று, மேசன் ஒரு கல்லை எடுத்து முழங்கால் உயரத்திலிருந்து நிலத்திற் போட்டார். அது இரண்டாகப் பிளந்தது.

"பிள்ளை, இதைத் திருப்பி அனுப்பு. இதிலை சீமெந்து மணக்கவும் இல்லை."

"திருப்பி அனுப்பினால் அடுத்த கல்லு எப்ப அண்ணை வரும்?"

மேசனிடம் அதற்கு விடை இருக்கவில்லை. கற்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. பிளந்தவற்றை மேசன் சுவரின் உட்பக்கத்துக்கு வைத்துச் சமாளித்தார்.

அந்த மேசனுக்குச் சீமெந்தைப் பற்றிப் பேசும் உரிமை மற்றெவரிலும் பார்க்கக் கூடுதலாக இருந்தது. அவர் இளமையிற் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் நாட்கூலியாக மூடை ஏற்றியவர். 1950இல் நிறுவப்பட்ட அவ்வாலை குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லைத் தின்று நாட்டுக்குச் சீமெந்து தந்தது. அங்கே சுட்ட கிளிங்கர் காலி வரை சென்று அரைக்கப்பட்டது. வடக்கிலிருந்து தெற்குக்குக் கட்டடப் பொருள் சென்ற காலம் ஒன்று இருந்ததென்பதை இன்றைய மாணவரிற் பலர் அறியார். 1990இற் போர் மீண்டும் மூண்டபோது ஆலை நின்றது. அதற்குப் பின்னர் வந்த ஆண்டுகளிற் குடாநாட்டுக்குச் சீமெந்து கொண்டுவருவதே தடைசெய்யப்பட்டிருந்தது. சீமெந்து ஆலை இருந்த மண்ணில் ஒரு கிணற்றுக்கட்டைப் பூசுவதற்குச் சீமெந்து இல்லை! மேசன் இதனைச் சொல்லும்போது சிரிப்பார். கேட்பவருக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

ஆகவே போர் முடிந்து ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, வடக்கிலே வீட்டுத்தேவை மலைபோல் இருந்தது. அத்தேவையை நிறைவுசெய்யக்கூடிய பிரதேச உற்பத்தி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. சீமெந்து புத்தளத்திலிருந்து வந்தது; திருகோணமலையிலிருந்து வந்தது; கப்பலிலும் வந்தது. திருகோணமலை ஆலையோ இறக்குமதியான கிளிங்கரை அரைப்பது. ஒட்டுசுட்டானின் ஓட்டுத் தொழிற்சாலை போரினால் இயங்காமற் போயிருந்தமையால், ஓடு தங்கொட்டுவைப் பக்கத்திலிருந்து லொறியேறி வந்தது. கூரை மரத்துக்கு மாத்திரம் ஊர்ப் பனை இருந்ததென்று கூறலாமா? பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் குற்றியாகிப் போனவை போக எஞ்சிய பனைகளைத் தறிப்பதற்கு அனுமதி வேண்டும். அனுமதி இருப்பது நியாயமே. வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை பரம்பரைக்கு நிற்கும் என்பது யாழ்ப்பாணத்தவர் யாவரும் அறிந்த செய்தி. ஆனால் அதனை வாங்குவதற்கு அத்தாயிடம் இருந்த பணம் போதாது.

இப்போது மணலின் யாழ்ப்பாண விலைக்குத் திரும்பலாம். குடாநாட்டில் மணல் தரும் ஆறு இல்லை. எனவே ஆற்றுமணலும் இல்லை. வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகளை அள்ளினால் உவர்நீர் ஊர்க்கிணறுகளுக்குள் வந்துவிடும் என்று அங்குள்ள மக்கள் எதிர்த்து வந்துள்ளனர். எனவே வன்னியின் ஆறுகளே குடாநாட்டுக்கும் மணல் கொடுக்கவேண்டியனவாயின. குடாநாட்டிலே கட்டப்பட்டவை யாவும் நன்கொடை வீடுகள் அல்ல. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்த பணத்தில் மாடி வீடுகள் எழுந்தன; திருமண மண்டபங்கள் எழுந்தன. வெளிநாட்டு நாணயத்திற் கணக்குப் பார்ப்பவருக்கு ஒரு கியூப்புக்கு இரண்டாயிரம் ரூபா கூடினாலும் அது பெரிதன்று. மணல் அவரை நோக்கிச் செல்லும். மணல் அகழ்வதற்கும் ஏற்றுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற சட்டம் இருக்கின்றது. அனுமதியின்றி இரவில் ஓடும் வாகனங்களும் இருக்கின்றன. பிடிபடும் அபாயத்துக்குரிய தொகையும் விலையிலேயே சேர்கின்றது. ஒரே சந்தையில் இரு வாங்குநர். ஒருவர் மாடிக்கு மேல் மாடி வைப்பவர். மற்றவர் முதற் கூரைக்குக் காத்திருப்பவர். ஆற்றங்கரையில் இருப்பவர் இரண்டாமவர் என்பதனால் விலை அவருக்காகத் தாழ்வதில்லை.

அத்தாயின் சுவர் கூரைவளை வைக்கும் உயரம்வரை வந்து நின்றது. வளைமட்டம் எனப்படுவது அதுவே. அடுத்த கட்டப் பணம் வருவதற்கு அச்சுவர் முடிந்திருக்கவேண்டும். சுவர் முடிவதற்கு அடுத்த கட்டப் பணம் வந்திருக்கவேண்டும். அவர் மூத்த மகளுக்கென வைத்திருந்த சங்கிலியை அடைவு வைத்தார். போதாமைக்கு நுண்கடன் நிறுவனம் ஒன்றிலும் பெற்றார். வாரந்தோறும் வீட்டு வாசலுக்கு வந்து வசூலிக்கும் கடன் அது. மாரி தொடங்கிப் பத்து நாட்களின் பின்னர் ஓடு வேயப்பட்டது. அதற்கிடையில் நனைந்த சுவரில் ஏற்பட்ட வெடிப்பொன்று இன்றும் சாமியறையின் மூலையில் இருக்கின்றது.

இத்தகைய குறைகளையெல்லாம் காரணமாகக் காட்டி, 2016இல் வேறொரு தீர்வு முன்வைக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் உருக்கு வீடுகள் 65,000ஐக் கொண்டுவந்து பொருத்துவதே அது. ஒன்றின் விலை 21 இலட்சம் ரூபாவுக்கு மேல். அதிற் பாதி விலையிற் கல்வீடு கட்டலாமென்று பொறியியலாளரும் பல்கலைக்கழக ஆசிரியரும் வாதிட்டனர். வெயிலையும் உப்புக்காற்றையும் சுட்டிக்காட்டினர். அத்திட்டம் முன்மொழிந்தவாறு நிறைவேறவில்லை. அவ்வாதங்களுள் மிகவும் வலுவானது வெயிலைப் பற்றியதன்று என்றே தோன்றுகின்றது. உருக்கு வீட்டுக்கு மேசன் வேண்டியதில்லை; ஓடாவி வேண்டியதில்லை; கல் அரிபவர் வேண்டியதில்லை. அரைகுறையாகவேனும் ஊரிலே சுழலும் பணம் அவ்வீட்டினாற் சுழலாது. கல்வீட்டின் பணமும் பெரும்பகுதி சீமெந்து மூடையுடன் ஏ9 வழியே தெற்குக்குத்தான் போயிற்று. ஆயினும் கூலி ஊரில் நின்றது. அத்தாயின் இளைய மகள் உயர்தரம் படிப்பதற்குரிய கொப்பிகள் அயல்வீட்டு அத்திவாரத்துக்குக் கல் சுமந்த கூலியில் வாங்கப்பட்டவை. இதனை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதுவதில்லை.

மூத்த மகள் 2018இல் மணம் முடித்தாள். அவளுக்கு அதே வளவின் பின்புறத்தில், வீடமைப்பு அதிகாரசபையின் திட்டமொன்றில் வீடு ஒதுக்கப்பட்டது. கொட்டிலைப் பிரித்துவிட்டு அத்திவாரம் இட்டனர். 2019ஆம் ஆண்டு நவம்பரில் ஆட்சி மாறியது, கொடுப்பனவு நின்றது. அவளுடையதைப் போல அரைகுறையில் நின்ற வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கானவை. அடுத்த வருடம் வரும் என்றனர். 2021இன் தொடக்கத்தில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாவாக இருந்த சீமெந்து மூடை, 2022இன் நெருக்கடியில் மூவாயிரத்தை அண்மித்தது. தாயின் காலத்தில் விலை நன்கொடையைத் தின்றது. மகளின் காலத்திலோ தின்பதற்கு நன்கொடையும் இல்லை.

மேசன் இப்போது வேலைக்குப் போவதில்லை. அண்மையில் அவ்வழியால் வந்தவர், தாய் கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே வளவின் பின்புறம் சென்றார். அங்கும் சுவர் வளைமட்டத்திலேயே நின்றது. பாசி படர்ந்த மேல்வரிசைக் கல்லொன்றை விரலாற் தட்டிப் பார்த்தார், பின்னர் இன்னொன்றை.

"மேல் இரண்டு வரியையும் கழட்ட வேணும், பிள்ளை. கீழை பிழையில்லை. நாற்பது மூடை இருந்தால் பூச்சோடை முடிக்கலாம்."

மகள் உள்ளே சென்று, சுவரிலே தொங்கிய நாட்காட்டியின் கிழித்த தாளொன்றை எடுத்துவந்து, அதன் பின்புறத்தில் நாற்பது என்று எழுதினாள். மணல் எத்தனை கியூப் என்று கேட்டாள்.