முப்பது நோன்பும் விடாத மகள்



2022ஆம் ஆண்டு ரமலானில் என் மகள் முப்பது நோன்புகளையும் ஒன்றுகூட விடாமல் நோற்றாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பெருநாளன்று வீட்டுக்கு வந்த உறவினர்களிடமெல்லாம் நான் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். என் தாயார் மட்டும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் போன பிறகு என் மனைவியைத் தனியே அழைத்து, "வயசுக்கு வந்த புள்ளைக்கு முப்பதும் எப்படிம்மா கிடைக்கும்?" என்று கேட்டார். பெண்களுக்கு நோன்பிலிருந்து மார்க்கம் விலக்களித்திருக்கும் அந்த நாள்கள் என் மகளுக்கு நான்கு மாதங்களாக வரவேயில்லை என்பது அன்றிரவுதான் எனக்குத் தெரிந்தது.

கள்ளக்குறிச்சியில் எனக்குத் தானியக் கடை. கல்வராயன் மலையிலிருந்து சாமையும் தினையும் கடுக்காயும் வாங்கி விற்பது தந்தையார் காலத்துத் தொழில். மூட்டை மூட்டையாகத் தானியம் அடுக்கியிருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

தொடக்கம் உணவில் இல்லை, ஒளுவில் இருந்தது. கால் மணி நேரம் அரை மணியானது. கை நனைந்ததா, முழங்கை நனைந்ததா என்ற ஐயம். பிறகு அந்த ஐயம் சமையலறைக்குள் நுழைந்தது. அரிசியை ஏழு முறை களைந்தாள். கரண்டி சுத்தமா, கறி முறையாக அறுக்கப்பட்டதா, நெய்யில் ஏதும் கலந்திருக்குமா என்று கேட்டுக்கேட்டு, ஒவ்வொரு பண்டமாக விலக்கினாள். எஞ்சியதை இத்தனை கவளம் என்று எண்ணி உண்டாள். எண்ணிக்கை தவறினால் தட்டை ஒதுக்கிவிடுவாள். எந்த இடத்தில் அசுத்தம் பற்றிய அச்சத்தோடு எடை பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கிடங்கில் மூட்டை நிறுக்கும் தராசில் அவள் தினமும் ஏறி நிற்பதாகக் கடைப் பையன் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஐம்பத்திரண்டு கிலோவாக இருந்தவள் முப்பத்தேழுக்கு வந்திருந்தாள்.

முதலில் பார்த்த மருத்துவர் வயிற்றுப்புண் என்று மாத்திரை கொடுத்தார். உறவில் ஒருவர் கண்ணேறு என்றார். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதிப் பார்க்கச் சொல்லிப் போனேன். அவர் ஓதினார், பிறகு என்னை உட்காரவைத்துப் பேசினார். இது வஸ்வாஸ் என்றார். சுத்தத்தில் அளவு மீறுவோரைக் கண்டித்து இமாம் இப்னு குதாமா தனி நூலே எழுதியிருப்பதையும், உறுதியானது வெறும் ஐயத்தால் நீங்காது என்ற ஃபிக்ஹு விதியையும் எடுத்துச் சொன்னார். "ஆனால் விதியைச் சொல்லி இவளைத் திருத்த முடியாது, பாய். விதி அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதுவரை நோன்பு வேண்டாம்" என்றார். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை மறுப்பது பக்தியல்ல என்பதையும் அவளிடமே சொன்னார். எத்தனை வீடுகளுக்கு இப்படி ஒரு ஹஜ்ரத் வாய்க்கிறார் என்று தெரியவில்லை.

சேலத்தில் மனநல மருத்துவர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் எங்களோடு பேசினார். ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயும், அனோரெக்ஸியா என்னும் உண்ணாநோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவது அரிதல்ல என்றார். 2019இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்றிலும் இவ்விரண்டுக்கும் பொதுவான பரம்பரைக் கூறுகள் இருப்பது தெரியவந்ததாம். இரண்டிலும் நடப்பது ஒன்றே: ஓர் எண்ணம் அச்சுறுத்துகிறது, ஒரு செய்கை அந்த அச்சத்தைச் சற்றே தணிக்கிறது, தணிந்த அந்தச் சுகத்துக்காகவே செய்கை மீண்டும் மீண்டும் வளர்கிறது. கழுவுவதும் தணிக்கும், உண்ணாதிருப்பதும் தணிக்கும். நம் நாட்டில் இதை அடையாளம் காண்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. 1995இல் டெல்லி மருத்துவர்கள் ஐந்து இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள்: உணவை மறுத்தார்கள், மெலிந்தார்கள், மாதவிலக்கு நின்றது; ஆனால் மேனாட்டு நூல்கள் சொல்லும் பருமன் பற்றிய மனக்கலக்கம் அவர்களிடம் காணப்படவில்லை. அழகுக்காகப் பட்டினி கிடக்கும் பெண்ணைத் தேடுகிறவர் கண்ணுக்கு என் மகள் தென்பட்டிருக்கமாட்டாள்.

என்னை உலுக்கியது வேறொரு செய்தி. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர், உடல்நலமும் மனநலமும் உள்ள 36 ஆண்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்கள் சமையல் நூல்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள், உணவைச் சிறு துண்டுகளாக்கி மணிக்கணக்கில் உண்டார்கள், தட்டை நக்கினார்கள். நோய் இல்லாதவர்களுக்கே பட்டினி இத்தனை சடங்குகளைக் கற்றுக்கொடுத்தது. அப்படியானால் என் மகளுடைய சடங்குகளில் எத்தனை நோயினுடையவை, எத்தனை பசியினுடையவை? உடல் தேறாமல் அதைப் பிரித்தறிய முடியாது என்றார் மருத்துவர். எலும்பும் தோலுமாக இருக்கும்போது மருந்தும் பேச்சும் சரியாக வேலை செய்யாதாம்.

எனவே முதலில் சோறு. அதுவும் மருத்துவமனையில், அளந்து அளந்து. நெடும்பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறக்கூடும் என்பதை அங்கேதான் அறிந்தேன். வீட்டுக்கு அழைத்துவந்து நெய்ச்சோறு ஊட்டத் துடித்த என் மனைவிக்கு அதைப் புரியவைப்பது பெரும்பாடாயிற்று. எடை ஏறியபின் மருந்தும், அஞ்சியதைச் செய்துவிட்டுச் சடங்கைச் செய்யாமல் காத்திருக்கும் பயிற்சியும் தொடங்கின.

பயிற்சி எனக்கும்தான். "அத்தா, இது சுத்தமா?" என்று அவள் நாளைக்கு ஐம்பது முறை கேட்பாள், "சுத்தம்தான்மா" என்று ஐம்பது முறையும் சொல்வேன். அன்பென்று நினைத்துச் செய்தேன். அந்தப் பதிலும் அவளுடைய சடங்கின் ஒரு பகுதி என்று மருத்துவர் அதைத் தடுத்துவிட்டார்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கீ, உடலுக்கும் உள்ளத்துக்குமான தம் மருத்துவ நூலில் இத்தகைய வஸ்வாஸைத் தனியாக விவரித்திருப்பதைப் பின்னர் படித்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் ஒருவர் நோயென்று எழுதிவைத்ததை நான் பேணுதல் என்று எண்ணி ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

இன்னும் முழுமையாகக் குணமாகவில்லை. விடுபட்ட நோன்புகளைக் கழாச் செய்ய ஒரு குறிப்பேட்டில் எண்ணி எழுதத் தொடங்கினாள். எழுதியதை அடித்து அடித்துத் திரும்ப எழுதினாள். செய்தி அறிந்த ஹஜ்ரத், "கணக்கு என்னிடம் இருக்கட்டும்" என்று குறிப்பேட்டை வாங்கிப் போய்விட்டார்.

சென்ற மாதம் அவளை மலைக்கு அழைத்துச் சென்றேன். சமைப்பதைப் பார்க்காமல் வெளியிடத்தில் ஒருவேளை உண்ண வேண்டும் என்பது அந்த வாரத்துப் பயிற்சி. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறி, வெள்ளிமலைக்கு அருகில் எனக்குச் சாமை கொடுக்கும் ஒரு மலையாளிக் குடும்பத்தின் வீட்டில் இறங்கினோம். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தார்கள். மகள் தட்டின் விளிம்பையே பார்த்தபடி இருந்தாள்.

"அத்தா, இந்தத் தட்டு..."

நான் பதில் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு என் சோற்றைப் பிசைந்தேன். நெடுநேரம் கழித்து, அவள் மெல்ல பிஸ்மில்லாஹ் சொல்வது காதில் விழுந்தது.