மயக்கத்துக்கு முந்தைய மூன்று நிமிடங்கள்

தியேட்டர் மேஜையில் படுத்திருப்பவரின் விரலில் மாட்டிய கிளிப் 99 என்று காட்டும். "சாச்சுரேஷன் நல்லாத்தானே இருக்கு, ஆரம்பிச்சிடலாமே" என்பார்கள் பயிற்சி மருத்துவர்கள். மயக்கவியல் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் கலைக்க நினைப்பது இந்த நிம்மதியைத்தான். ரத்தத்தில் இப்போது ஆக்சிஜன் எப்படி இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லும். நுரையீரலில் கையிருப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் ஏறியதும் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். ட்யூப் போட்டு மெஷினோடு இணைக்கும்வரை உடம்பு இருப்பை வைத்தே ஓட்ட வேண்டும். சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த பிறகும் பெரியவர்களின் நுரையீரலில் இரண்டு, இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கும். அதில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆக்சிஜன் அரை லிட்டர்கூடத் தேறாது. உடம்போ நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி செலவழிக்கிறது. சுத்தமான ஆக்சிஜனை மாஸ்க் வழியாக மூன்று நிமிடம் சுவாசிக்க வைத்து நைட்ரஜனை வெளியேற்றிவிட்டால் இருப்பு 2 லிட்டரை நெருங்கும். ஆரோக்கியமானவருக்கு ஒன்றிரண்டு நிமிடமாக இருந்த அவகாசம் எட்டு நிமிடம்வரை நீளும். தண்ணீர் நிற்கப்போகிறது என்று தெரிந்தால் வீட்டிலுள்ள குடத்தையெல்லாம் நிரப்பிவைக்கிறோமே, அந்த வேலைதான் இது.

காரியம் கெடுவது பெரும்பாலும் மாஸ்க்கின் ஓரத்தில். பல் விழுந்து கன்னம் ஒட்டிய தாத்தாவுக்கும், அடர்ந்த தாடி வைத்தவருக்கும் அங்கே சந்து விழும். இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் அறைக் காற்று உள்ளே புகுந்துவிடும். ஃப்ளோமீட்டரில் 10 லிட்டர் ஓடினாலும் பயனில்லை. நான் மாஸ்க்கோடு இணைந்த பேக்கைப் பார்ப்பேன். மூச்சோடு சேர்ந்து அது சுருங்கி விரிய வேண்டும். மானிட்டரில் கார்பன் டை ஆக்சைடு அலை எழும்பி, உச்சியில் தட்டையாக நிற்க வேண்டும். இரண்டும் சரியில்லை என்றால் மாஸ்க்கின் அளவை மாற்றுவேன், இரண்டு கையாலும் பிடிப்பேன். பயப்படுகிறாரே என்று இரக்கப்பட்டு மாஸ்க்கை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடிப்பதை நான் ஏற்பதில்லை.

பயத்துக்கு மருந்து பேச்சு. மாஸ்க்கிலேயே மயக்க மருந்து வருகிறது என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொள்பவர்கள் நிறைய. "அம்மா, இது வெறும் ஆக்சிஜன்தான். நீங்களே பிடிச்சுக்குங்க. எப்பவும் போல மூச்சு விடுங்க, போதும்" என்று அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். தன் கையால் பிடிக்கும்போது பெரும்பாலும் சீராக மூச்சு விடுவார்கள். பிறகு என் கையை மேலே வைத்து மெல்ல அழுத்திக்கொள்வேன்.

உடல் பருத்தவர்களுக்கும் நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் இருப்பு குறைவு; ஆக்சிஜன் செலவும் அதிகம். தலைப்பக்கத்தை 20, 25 டிகிரி உயர்த்தினாலே நுரையீரலுக்கு இடம் கிடைக்கும். காசு செலவில்லாத இந்த உதவியை ஏன் மறக்கிறோம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி, அவசர சிசேரியனுக்கு எல்லோரும் கத்தியோடு காத்திருக்கும்போது மூன்று நிமிடம் கேட்க முடியாது. அப்போதுகூட ஒரு நிமிடத்தில் எட்டு ஆழ்ந்த மூச்சு இழுக்கச் சொல்வேன். அதையும் விட்டுவிட்டுத் தொடங்க எனக்குச் சம்மதமில்லை.

நூறு சதவீத ஆக்சிஜனால் நுரையீரலின் சில ஓரங்கள் சுருங்குவது உண்மை. ட்யூப் போட்ட பிறகு அவற்றை விரித்துக்கொள்ளலாம்; அதற்காக முன்னால் அளவைக் குறைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதத்தைத் தொட்டால் இருப்பு நிறைந்தது என்று பொருள். அந்த எண்ணைக் காட்டும் மானிட்டர் இல்லாத மருத்துவமனைகளில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக மூன்று நிமிடம். இடையில் தலைத் தொப்பியைச் சரிசெய்ய யாராவது மாஸ்க்கை எடுத்துவிட்டால், அறைக் காற்றை ஒன்றிரண்டு மூச்சு இழுத்ததுமே நைட்ரஜன் திரும்பிவிடும். அந்த மூன்று நிமிடத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொல்வேன்.