இடது பக்கம் பேசலையேடா!

அப்பாவின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் 1989-ல் பி.எஃப். லோன் போட்டு வாங்கியது. கேஸட் டெக் செத்துப் பல வருஷமாகியும், உறை போட்டு, தினம் துடைத்து, குலதெய்வம் மாதிரி வைத்திருந்தார்.

'காயலான் கடையில போட்டுடலாமே' என்று இரண்டு வருஷத்துக்கு முன் வாய் தவறிச் சொன்னேன். அதிலிருந்து பேச்சு குறைந்துபோனது. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது கேட்டால், ரசத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதில் வராது. சரி, கோபம்.

போன மாதம் சமாதானத் தூதாக ஒரு கேபிள் வாங்கி வந்தேன். ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின். மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.ஸி.ஏ. பின். சிவப்பு வலது, வெள்ளை இடது. வீட்டுக்கு வந்து பார்த்தால், என் போனில் அந்த ஓட்டையே இல்லை! 2016-ல் ஐபோன் 7 அதை மூடியது. அப்புறம் ஆளாளுக்கு மூடிவிட்டார்கள். மறுபடி கடைக்கு ஓடி, டைப்-ஸியில் மாட்டும் குட்டி அடாப்டர் வாங்கினேன்.

ஆம்ப்ளிஃபையரின் முதுகில் 'ஃபோனோ' என்று எழுதியிருந்த ஓட்டையில் செருகினேன். போன்தானே? தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியது மாதிரி பாட்டு வந்தது. ஃபோனோ என்பது இசைத்தட்டுக்காம். முள் தரும் சில மில்லிவோல்ட்டை அங்கே பல மடங்கு பெருக்குவார்கள். அதில் போனைச் செருகினால், சத்தம் நொறுங்காமல் என்ன செய்யும்?

'ஆக்ஸ்' ஓட்டைக்கு மாற்றினேன். 'ங்ங்ங்...' என்று உறுமல். போனிலிருந்து சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. போன் வால்யூமை முக்காலுக்கு மேல் வைத்து, மீதியை ஆம்ப்ளிஃபையரில் கூட்டினேன். ஹால் நிறைய இளையராஜா!

அப்பா நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

"எல்லாம் வலது பக்கத்துலேர்ந்தே வருது. இடது பக்கம் பேசலையேடா."

சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் செருகினேன். கேபிளிலோ போனிலோ கோளாறு என்றால், ஊமை இப்போது வலது பக்கம் தாவ வேண்டும்.

"இப்பவும் இடதுதான் இல்லை."

அப்படியானால் ஸ்பீக்கர்தான். கிட்டே போய்க் காது வைத்தேன். கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. அப்பாவை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் கணீர்.

அடிவயிற்றில் சில்லென்றது. சாப்பிடும்போது நான் உட்காருவது அப்பாவின் இடது பக்கம்.

இ.என்.டி. டாக்டர் சோதித்துவிட்டு, இடது காது ரொம்பவே மங்கிவிட்டது, மெஷின் வைக்கலாம் என்றார். வெளியே வந்ததும், "ஏம்ப்பா சொல்லலை?" என்றேன்.

"எனக்கே தெரியாதேடா. நீதான் கோபத்துல பேசறதில்லைன்னு நினைச்சேன்."

ஆம்ப்ளிஃபையரில் 'மோனோ' என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் இரண்டு பக்கத்துப் பாட்டும் கலந்து இரண்டு ஸ்பீக்கரிலும் வரும். மெஷின் வரும்வரை அதை அழுத்தி வைத்திருக்கிறோம்.

நானும் வலது பக்கம் மாறி உட்கார்ந்துவிட்டேன். இப்போது ஒரே சிக்கல்... நான் முணுமுணுப்பதும் அவருக்குக் கேட்கிறது!